அடம் என்று முடிவு கட்டும் முன் அதற்கு முந்தின அரை மணி நேரத்தைப் பாருங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் வேகம் பிடித்த நிமிடத்தில் என் சின்னவன் என் கையைக் கடித்தான். அப்போது அவனுக்கு நாலு வயது. பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது, அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து தலையை மண்ணில் முட்டுகிறான், சுற்றி நின்றவர்களில் ஒருவர் பிள்ளைக்கு அருள் வந்திருக்கிறது என்றார், இன்னொருவர் கண்ணு பட்டிருக்கும் என்றார், பக்கத்து லயத்து அக்கா மட்டும் வழக்கம் போல, "ரெண்டு ரோத்தான் வைம்மா, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். அன்றைக்கு ராத்திரி நானும் ரோத்தானை, அந்தப் பிரம்பை, எடுத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒன்றும் சரியாகவில்லை. அடுத்த ஒரு வாரம் நான் கையைத் தூக்கினாலே, அது அலமாரியில் இருந்து மைலோ டின் எடுக்கத்தான் என்றாலும், அவன் மேசைக்குக் கீழே போய்விடுவான்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. சத்தம், தொடுதல் மாதிரியான புலன் உணர்வுகளை மற்றப் பிள்ளைகள் போல அவனால் தாங்க முடியாது. நான் டாக்டர் இல்லை, மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கிறவள். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் ஓ.டி.யிடமும் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சிறப்புக் கல்வி ஆசிரியரிடமும் கற்றுக்கொண்டதை, முக்கியமாக நாங்களே தப்பு செய்து தெரிந்துகொண்டதை, எழுதி வைத்தால் இன்னொரு அம்மாவுக்கு அந்த ரோத்தான் ராத்திரி மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பள்ளியில் ஐம்புலன் என்று படித்தோம். ஓ.டி.காரர்கள் எட்டு என்று எண்ணுகிறார்கள். உள்காதில் இருந்து வரும் சமநிலை உணர்வு ஒன்று. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடுகிறோம் என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு ஒன்று. பசி, மூத்திரம், வலி, உடம்புச் சூடு என்று உள்ளே இருந்து வருவது ஒன்று. சில பிள்ளைகளுக்கு இவற்றில் சில அதிகமாக உறைக்கும், சில உறைக்கவே உறைக்காது. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம், அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். என் பையன் உறுமிச் சத்தத்துக்குத் துடிப்பான், ஆனால் வீட்டில் பிஸ்கட் டின்னை அரை மணி நேரம் தட்டுவான். "இந்தச் சத்தம் மட்டும் உனக்கு இனிக்குதா" என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன். அவன் தட்டும் தட்டு எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியும், உறுமி எப்போது ஏறும் என்று தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பார்வையை 1960, 70களில் உருவாக்கியவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புலன் உணர்வுச் சிக்கல் என்பது மட்டும் தனி நோயாக, 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநலக் கையேட்டில் இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2012-லேயே இதைத் தனி நோயாகப் பெயர் சூட்ட வேண்டாம் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. அதனால் யாராவது அந்தப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்து இருபது வகுப்புக்கு முன்பணம் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். ஆட்டிசமா, ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறா, வளர்ச்சித் தாமதமா, பதற்றமா, அல்லது வேறு ஒன்றும் இல்லாமல் தோல் கொஞ்சம் கூச்சம் அதிகமா என்று முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், வலி இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் சீழ், சொத்தைப் பல், மலச்சிக்கல். திடீரென்று ஒரு பிள்ளை தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும், பேச்சு குறைவான பிள்ளை என்றால் இன்னும் கட்டாயம். காது கேட்கும் சோதனையும் கண் சோதனையும் செய்துவிடுங்கள்.

சரி, இப்போது 555. தோட்டத்துக் கடைகளில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்னப் புத்தகம், அதில் ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு கூத்தையும் எழுதுங்கள். என்ன செய்தான் என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் என்னென்ன நடந்தது என்பதை விலாவாரியாக எழுதுங்கள். அவன் முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது:

செவ்வாய், காலை 6.40. அக்காவை உதைத்தான். 15 நிமிடம். முன்னால்: எழுந்து பத்து நிமிடம்தான், பாட்டி தலை வாரினார், வெளியே அப்பா லோரியை உறும விட்டார், காலுறை.

புதன், மதியம் 2.10. சோற்றுத் தட்டை எறிந்தான். 35 நிமிடம். முன்னால்: பள்ளி வேன், ரேடியோ, வெயில், 40 நிமிடப் பயணம். நான் வாசலிலேயே என்ன படிச்ச என்று கேட்டேன்.

வியாழன், மதியம் 2.15. அதே கதை. 40 நிமிடம்.

வெள்ளி. ஒன்றும் இல்லை. அப்பா மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வரியைப் பார்த்துத்தான் என் கணவர் "சோறு பிடிக்கலன்னு எறியல போல" என்றார். நாங்கள் அதுவரை குழம்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம்! தினமும் மோட்டாரில் அழைத்து வர அவரால் முடியாது, அவர் ஓட்டும் செம்பனைப் பழ லோரி ஆலைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. வேன்கார அங்கிளிடம் பேசினேன், ஜன்னல் ஓர சீட் கொடுத்தார், ரேடியோவைக் குறைத்தார், பாவம், பழைய பாட்டு இல்லாமல் அவருக்குத் தூக்கம் வருகிறதாம். வீட்டுக்கு வந்தவுடன் கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்தினேன். சட்டையைக் கழற்று, குளிர்ந்த மைலோவை ஸ்ட்ராவில் உறிஞ்சு, திரை மூடிய அறையில் இருபது நிமிடம் கிட, அப்புறம்தான் சோறு. மூன்று வாரத்தில் மதியக் கூத்து வாரம் ஐந்தில் இருந்து ஒன்றாகக் குறைந்தது.

காலை நேரத்துக்கு வேறு வைத்தியம். காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டேன், விரல் நுனியில் உள்ள தையல் உறுத்தாது. சட்டைக் காலர் லேபலைக் கத்தரியால் வெட்டாதீர்கள், வெட்டின முனை இன்னும் மோசமாகக் குத்தும், தையலைப் பிரித்து எடுங்கள். புதுச் சீருடையை ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி எப்போது திறக்கிறதோ அதற்கு முன்பே ஐந்தாறு தடவை துவைத்து வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். புதுக் கறுப்புக் காலணியும் அப்படித்தான். தலையை வாரும்போது லேசாகத் தொடாதீர்கள். மென்மையாகத் தடவினால் இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கரப்பான் பூச்சி ஊர்வது போல இருக்கும், அழுத்தமான கை அமைதி தரும். இதை எனக்குச் சொல்ல ஓ.டி. தேவைப்பட்டது, என் மாமியாருக்கு யாரும் சொல்லவே இல்லை. அவர் பேரனுக்கு எண்ணெய் தேய்ப்பதே மாவு பிசைவது மாதிரிதான் இருக்கும், அவனும் சொக்கிப்போய்க் கிடப்பான்.

கனமான வேலை என்று ஒன்று சொல்வார்கள். தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, மெல்லுவது. தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுத்தால் துள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளை அடங்கும், சோர்ந்து கிடக்கும் பிள்ளை விழிக்கும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஆனால் செலவே இல்லாமல் முயன்று பார்க்கலாம். பாட்டியின் பூந்தொட்டிகளுக்கு சின்ன வாளியில் தண்ணீர் சுமப்பது, அரிசிப் பையைத் தரையில் தள்ளிக்கொண்டு போவது, சப்பாத்தி மாவு பிசைவது, இரண்டு கையையும் சுவரில் வைத்து "வீட்டைத் தள்ளு பார்ப்போம்" என்பது, முறுக்கு, காய்வெட்டாக உள்ள கொய்யா. கூத்து தொடங்கிய பிறகு இதைச் செய்யச் சொன்னால் வாளி உங்கள் மேல்தான் வரும். கஷ்டமான நேரத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். என் பையனுக்குப் பள்ளி வேன் வருவதற்கு முன் பத்து நிமிட வாளி வேலை, வீட்டுப்பாடத்துக்கு முன் சுவர். செம்பனை மட்டையை மட்டும் இழுக்க விடாதீர்கள், முள்.

சாரோங் தொட்டில், அதாவது கைலித் துணியில் கட்டும் தொட்டில், பெரிய பிள்ளைக்கும் உதவும். உத்தரம் உறுதியாக இருக்க வேண்டும், கைக்குழந்தைக்கு விற்கும் ஸ்பிரிங் ஏழு வயசுப் பிள்ளையைத் தாங்காது, கயிறுதான் சரி, தரையில் இருந்து ஒரு முழம்தான் உயரம் இருக்கட்டும், கீழே மெத்தை. மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்றி விடாதீர்கள். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ கொட்டாவி விட்டாலோ நிறுத்திவிடுங்கள். துணியால் இறுகச் சுற்றுவது பிடிக்கும் பிள்ளைகள் உண்டு, ஆனால் முகத்தை மூடக்கூடாது, தானே வெளியே வர முடிய வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எடைப் போர்வை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் ஆட்டிசப் பிள்ளைகளிடம் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சாதாரணப் போர்வையை விட அது தூக்கத்தைக் கூட்டவில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது என்பது மட்டும் உண்மை. நம் ஊர்ப் புழுக்கத்தில், துத்தநாகக் கூரைக்குக் கீழே, ஐந்து கிலோ போர்வை? காசை மிச்சம் பிடியுங்கள்.

அந்தக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கும் திருவிழாவுக்கும் காது மூடி வைத்திருக்கிறோம். புல் வெட்டுகிறவர்கள் மாட்டுவது மாதிரிதான், ஆனால் பிள்ளை தலைக்கு ஏற்ற அளவு. நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள், அப்படிப் பழகினால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகலாம். இடம், நேரம் பார்த்து மாட்டி, கழற்றி வைக்க வேண்டும். கோயிலுக்கு இப்போது உறுமி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போகிறோம், சாமி கும்பிடுகிறோம், மேளக்காரத் தம்பிகள் அவனை உறுமித் தோலைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள், அப்புறம் தென்னை மரத்தடியில் மோட்டாரை நிறுத்தி, வேண்டும்போது கிளம்பலாம் என்று உட்கார்ந்துகொள்கிறோம். அவன் போகலாம் என்று கையைக் காட்டினால் பிரசாதம் வாங்காவிட்டாலும் கிளம்பிவிடுவோம். ஒரு முறை பேச்சு மாறினால் அடுத்த வருடம் கோயில் வாசலையே மிதிக்க மாட்டான்.

இவ்வளவும் செய்தாலும் கூத்து வரும். அது அடமா, தாங்க முடியாமல் உடைந்து போவதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கும். நீங்கள் அறையை விட்டுப் போனால் பின்னாலேயே வந்து அழும். கேட்டது கிடைத்தால் கண்ணீர் காய்வதற்குள் சிரிக்கும். உடைந்து போன பிள்ளைக்கு நீங்கள் இருப்பதே தெரியாது, கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, முடிந்த பிறகு அடித்துப் போட்டது போலக் கிடக்கும். சில நேரம் அடமாகத் தொடங்கி உடைவதில் முடியும், அதையும் பார்த்திருக்கிறேன், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், பொம்மைக் கடை முன்னால், ஊரே பார்க்க.

உடைந்திருக்கும்போது பேச்சைக் குறையுங்கள். "அம்மா இங்க இருக்கேன்" போதும். விளக்கு, விசிறி, டி.வி. அணைக்கலாமா என்று பாருங்கள். கூட்டத்தை விலக்குங்கள், அந்த அறிவுரை அக்காவையும் சேர்த்து. தலையில் அடிபடுகிற மாதிரி இருந்தால் தலையணையை இடையில் வையுங்கள், ரோட்டுக்கு ஓடுகிற மாதிரி ஆபத்து இருந்தால் ஒழிய இறுக்கிப் பிடிக்காதீர்கள். பாடம் நடத்துவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடம் என்றால் வேறு. அமைதியாக இருங்கள், ஆனால் கொடுக்காதீர்கள். புலன் சிக்கல் உள்ள பிள்ளை என்பதற்காக அக்காவை உதைக்கலாம் என்று ஆகிவிடக்கூடாது, பெரியவள் ஒரு நாள் என்னிடம் "அவனுக்கு மட்டும் எப்பவும் மன்னிப்பா" என்று கேட்டுவிட்டாள், எனக்கு வாயடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சட்டம் வைத்தோம்: காதைப் பொத்தலாம், ஓடிப் போகலாம், தலையணையைக் கடிக்கலாம், ஆளை அடிக்கக்கூடாது. அடிப்பதற்குப் பதிலாக உள்ளங்கையைக் காட்டி நிறுத்தச் சொல்லும் சைகையைச் சொல்லிக் கொடுத்து, அவன் அதைக் காட்டிய ஒவ்வொரு முறையும் உடனே நிறுத்தினோம். உடனே, அதுதான் முக்கியம். கை காட்டினால் ஐந்து நிமிடம், உதைத்தால் ஐந்து விநாடி என்று இருந்தால் எந்தப் பிள்ளையும் உதையைத்தான் தேர்ந்தெடுக்கும்.

சாப்பாட்டில் சுருக்கமாக: குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசையாமல் தனித்தனியாக வையுங்கள், புது உணவைத் தட்டில் ஓரமாக வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாதீர்கள், வாயில் திணிக்காதீர்கள். எடை குறைந்தாலோ, ஐந்தாறு உணவுக்கு மேல் தொடவே மாட்டேன் என்றாலோ டாக்டரிடம் போங்கள்.

இனி அலைச்சல் பகுதி. பிள்ளையின் 18 மாதச் சோதனையில் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்கில், எம்-சாட் என்ற ஆட்டிச அறிகுறிக் கேள்வித்தாளைக் கொடுப்பார்கள், அதில் பிள்ளையைக் காப்பாற்றப் பொய் டிக் போடாதீர்கள். நான் போட்டேன், ஒன்றரை வருடம் போனது. சந்தேகம் இருந்தால் எந்த வயதிலும் அதே கிளினிக்கில் கேட்டு பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவருக்குக் கடிதம் வாங்கலாம். ஓ.டி. பிரிவைப் பலகையில் தேடினால் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று இருக்கும். காத்திருப்பு மாதக் கணக்கில் ஆகலாம், 555 புத்தகத்தை அந்த நேரத்தில் நிரப்புங்கள். நான் அதை நீட்டியபோது டாக்டர் முதல் ஐந்து நிமிடம் என்னிடம் பேசவே இல்லை, அதைத்தான் படித்தார்.

டாக்டர் உறுதி செய்தால் ஓ.கே.யு. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, ஜே.கே.எம். என்ற சமூகநல இலாகா அலுவலகத்தில் பதியலாம். கட்டாயம் இல்லை. கல்யாணச் சந்தையில் அட்டை பிரச்சினையாகுமே என்று என் மாமியார் அழுதார், அப்போது அவனுக்கு ஆறு வயது. தமிழ்ப்பள்ளிகளிலும் சில இடங்களில் சிறப்புக் கல்வி வகுப்பு, அதாவது பி.பி.கே.ஐ., உண்டு, உங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள். அதில் சேர்ந்த மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை இருக்கிறது. பள்ளி வயது வராத பிள்ளைக்கு பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையத்தை விசாரியுங்கள், 1984-இல் தெரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க இருக்கிறது, அங்கே பள்ளி வயதைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். ஒரு பாலர் பள்ளியில் எங்களை இரண்டாம் நாளே "உங்க புள்ளைக்கு வேற இடம் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள், அன்றைக்கு பி.டி.கே. பற்றி யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு வருடம் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

ஆசிரியரிடம் பேசும்போது பத்துக் கோரிக்கை வைக்காதீர்கள், முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர். நான் மூன்றுதான் கேட்டேன். சுவரோரம், விசிறிக்கு நேர் கீழே இல்லாத இடம். திங்கட்கிழமை சபைக்கூடலில் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம், வரிசையில் கடைசி ஆள். உட்கார முடியாமல் நெளியும்போது நோட்டுப் புத்தகக் கட்டை அலுவலகத்துக்குத் தூக்கிப் போகச் சொல்வது. மூன்றாவதில் ஆசிரியைக்கும் லாபம் என்பதால் அதைத்தான் முதலில் செய்தார்.

முடிவெட்டு மட்டும் இன்னும் முழுசாகக் கைவரவில்லை. கடைக்காரர் மெஷினை ஆன் பண்ணினாலே முடிந்தது. இப்போது வீட்டுப் பின்வாசல் படியில், குளிப்பதற்கு முன், தோளில் கனமான ஈரத் துண்டைப் போட்டு, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, கத்தரியால் பத்து வெட்டு. பத்து என்றால் பத்து, அவனே எண்ணுவான். முடிந்ததும் ஒட்டிய முடியைப் பிசுபிசுப்பு இல்லாத மாவுப் பவுடரால் துடைத்துவிட்டு நேராகக் குளியல். ஒரு தலைக்கு நாலு நாள் ஆகிறது. இதை எழுதும்போது இடது பக்கமும் பின்பக்கமும் முடிந்திருக்கிறது, வலது காது ஓரம் நாளைக்கு, பள்ளியில் யாராவது கேட்டால் "இது ஸ்டைல்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள் அவன் அக்கா.